மூன்று மாதம் முன்னால் என்ன நடந்தது? பெண்களுக்குத் திடீரென முடி கொட்டுவதும் முடியின் தன்மை மாறுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பது என் வேலை. கையை நீட்டி உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் பெண்கள் என்னிடம் பேசுவதில் பாதி முடியைப் பற்றித்தான். சிலர் கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்து, உள்ளே சுருட்டி வைத்திருக்கும் முடியைக் காட்டுவார்கள். "இது நேத்து ஒரு நாள் கொட்டினது" என்பார்கள்.

நான் மருத்துவர் இல்லை. ஆனால் கொத்துக்கொத்தாய் முடி கொட்டி இரண்டு முறை பயந்திருக்கிறேன். ஒருமுறை பிரசவத்துக்குப் பின், இன்னொரு முறை டெங்குவுக்குப் பின். அப்போது தோல் மருத்துவர்களிடம் கேட்டதும், பிறகு படித்ததும், வேலையில் தினமும் பார்ப்பதும் சேர்ந்ததுதான் இந்தப் பதில்கள். கேள்விகளைப் பெண்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

தலைக்குக் குளிச்சா கை நிறைய வருது. எவ்வளவு கொட்டினா சரி?

நம் தலையில் சுமார் 1 லட்சம் முடி இருக்கிறது. அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு எப்போதும் ஓய்வில் இருக்கும். அந்த ஓய்வு சுமார் 100 நாள் நீடிக்கும், அதன் முடிவில் முடி விழும். 10,000 முடியை 100 நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 100 வருகிறது. "50 முதல் 100 வரை இயல்பு" என்று மருத்துவர்கள் சொல்வதை இந்தக் கணக்கு விளக்கிவிடும்.

வாரத்துக்கு இரண்டு முறை தலைக்குக் குளிப்பவர்களுக்கு, இடைப்பட்ட நாட்களில் உதிர்ந்த முடி சடைக்குள்ளேயே சிக்கி நின்று குளிக்கும் அன்று மொத்தமாக வரும். அன்றைக்கு 200, 300 என்று வந்தாலும் அது மூன்று நான்கு நாள் பாக்கிதான். இடுப்பு வரை முடி உள்ளவருக்கு 60 முடியே பெரிய உருண்டையாகத் தெரியும்.

அதனால் எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள். உங்கள் பழைய வழக்கத்தோடு ஒப்பிட்டால் போதும். ரப்பர் பேண்டை இரண்டு சுற்று சுற்றிய இடத்தில் இப்போது மூன்று சுற்று போகிறதா? மாதம் ஒருமுறை, அதே ஜன்னல் வெளிச்சத்தில், நடு வகிடை ஒரு படம் எடுத்து வையுங்கள். கண்ணாடி முன் தினமும் நின்று கணிப்பதைவிட அது நம்பகமானது.

எனக்கு எந்தக் குறையும் இல்ல. ஒரு மாசமா மட்டும் ஏன் இப்படி கொட்டுது?

ஊசியை எடுப்பதற்கு முன் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: மூன்று மாதம் முன்னால் என்ன நடந்தது?

பெரும்பாலும் முதலில் "ஒண்ணுமில்லையே" என்பார்கள். அப்புறம் முகம் மாறும். "ஆங், சிக்குன்குனியா வந்துச்சு." "கர்ப்பப்பை ஆபரேஷன்." "மாமனார் தவறிட்டார், நான்தான் ஆஸ்பத்திரியில கூடவே இருந்தேன்." "ஒரு வேளைதான் சாப்பிட்டேன், 9 கிலோ குறைஞ்சேன்."

முடி ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் வளர்ந்து, இரண்டு மூன்று வாரம் சுருங்கி, மூன்று மாதம் ஓய்ந்து, பிறகு விழுகிறது. சாதாரணமாக ஒவ்வொரு முடிக்கும் அதனதன் கெடு தனி என்பதால் தலை காலியாவதில்லை. உடம்புக்குப் பெரிய அதிர்ச்சி வரும்போது, அவசியமில்லாத செலவை நிறுத்துவதுபோல, வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் பெரிய பங்கை ஒரேயடியாக ஓய்வுக்கு அனுப்பிவிடுகிறது. ஆனால் ஓய்வுக்குப் போன முடி அன்றே விழாது. மூன்று மாதம் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டு, எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் கிளம்பும். பத்தில் ஒரு பங்கு இருந்த ஓய்வு முடி பத்தில் மூன்றாக ஏறினால், நாளுக்கு 100 என்பது 300 ஆகும்.

இதற்கு டெலோஜன் எஃப்ளுவியம் என்று பெயர். 1961இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் விவரித்தது. பெரிய காய்ச்சல், அறுவை சிகிச்சை, அதிக ரத்தப்போக்கு, பட்டினி டயட், வேகமாக எடை குறைவது (ஊசி போட்டுக் குறைத்தாலும் சரி), கருத்தடை மாத்திரையை நிறுத்துவது, தைராய்டு கோளாறு என்று காரணங்களின் பட்டியல் நீளும். கொரோனாவுக்குப் பிறகு இதே கதை வீட்டுக்கு வீடு கேட்டது.

எனக்கு டெங்கு வந்தது ஐப்பசியில். முடி கொட்ட ஆரம்பித்தது தை மாதம். அதற்குள் காய்ச்சலையே மறந்துவிட்டேன். புது ஷாம்பூ மீது பழி போட்டேன், பிறகு மோட்டார் தண்ணீர் மீது. மூன்றாவதாக ஒரு எண்ணெய் வாங்கினேன், பாட்டில் 900 ரூபாய். அது முடிவதற்குள் கொட்டுவது நின்றது. ஊரெல்லாம் அந்த எண்ணெயைச் சிபாரிசு செய்தேன். இந்த வகை உதிர்வு பெரும்பாலும் 6 மாதத்துக்குள் தானாகவே அடங்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. அடங்குகிற நேரத்தில் கையில் எந்தப் பாட்டில் இருக்கிறதோ, பேர் அதற்குப் போய்விடுகிறது. கூந்தல் தைல வியாபாரத்தில் பாதி இப்படித்தான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

கொட்டின முடியோட அடியில வெள்ளையா குமிழ் இருக்கு. வேரோட வந்துடுச்சா?

இல்லை. அது ஓய்வு முடிந்து விழுந்த முடியின் தடித்த அடிப்பகுதி. வேர்ப்பை தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. பெரும்பாலும் அடுத்த முடி அங்கே கிளம்ப ஆரம்பித்திருக்கும். நீங்கள் பார்த்துப் பயப்படும் அந்த வெள்ளைக் குமிழ்தான் உண்மையில் ஆறுதல் தரும் அடையாளம்.

அப்போ குமிழே இல்லாம துண்டு துண்டா விழுதே?

அது உதிர்வு இல்லை, உடைவு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு என்பதால் இதைப் பிரித்துப் பார்ப்பது முக்கியம். விழுந்த முடியில் பத்தை எடுத்து வெள்ளைத் தாளில் போடுங்கள். உங்கள் முடியின் முழு நீளத்துக்கு, ஒரு முனையில் குமிழோடு இருந்தால் உதிர்வு. குட்டையும் நெட்டையுமாக, இரு முனையும் மொட்டையாக இருந்தால் உடைவு. உடைவுக்குக் காரணம் உடம்புக்குள் இருப்பதைவிட வெளியே இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்: சாயம், ஸ்ட்ரெயிட்னிங், சூடான கருவி, ஈரத்தலையில் சிக்கெடுப்பது. ஈர முடி மீது இஸ்திரி போல அந்தச் சூட்டுக் கருவியை வைத்தால் முடிக்குள் இருக்கும் நீர் கொதித்து நுண்ணிய குமிழிகளாகும். அந்த இடத்தில் முடி முறியும்.

குழந்தை பிறந்து நாலு மாசம். கர்ப்பமா இருந்தப்ப முடி அவ்வளவு அடர்த்தியா இருந்துச்சே!

அதேதான் காரணம். கர்ப்பகாலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறியிருப்பதால் விழவேண்டிய முடிகள் விழாமல் தங்கிவிடுகின்றன. பிரசவம் ஆனதும் அந்தப் பிடி தளர்கிறது. 2 முதல் 4 மாதத்தில், தங்கியிருந்த முடிகள் எல்லாம் சேர்ந்து கிளம்புகின்றன. நெற்றியோரத்திலும் காதுக்கு மேலும் முதலில் தெரியும்.

குழந்தை அம்மா முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் அம்மாவுக்கு முடி கொட்டும் என்று சில வீடுகளில் பெரியவர்கள் சொல்வார்கள். என் அத்தையும் சொன்னார். காரணம் தப்பு, கணக்கு சரி. குழந்தை ஆளைப் பார்த்துச் சிரிப்பதும் இந்த உதிர்வு தொடங்குவதும் ஏறக்குறைய ஒரே பருவம்.

குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும். அதற்குப் பிறகும் கொட்டினால், ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு), தைராய்டு மூன்றையும் பாருங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய தைராய்டு அழற்சி என்று ஒன்று உண்டு. தூக்கமின்மை, களைப்பு, படபடப்பு என்று "பச்சை உடம்புக்காரிக்கு இதெல்லாம் இருக்கும்" என்ற பேச்சில் அது மறைந்துபோகும். தாய்ப்பால் கொடுப்பதால் முடி கொட்டுகிறது என்று பாலை நிறுத்தாதீர்கள்.

முடி கொட்டுறதைவிட, முடியே மாறிப்போச்சு. நார் மாதிரி இருக்கு. ஏன்?

இந்தக் கேள்வியைப் பலர் கொஞ்சம் கூச்சத்தோடு கேட்பார்கள், கற்பனையோ என்ற சந்தேகத்தில். கற்பனை இல்லை, முடியின் தன்மை உண்மையிலேயே மாறும்.

தோலுக்கு மேலே வந்துவிட்ட முடி உயிரற்றது. அது தானாக மாறாது, தேய மட்டும் செய்யும். மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. என்று கணக்கு வைத்தால், 30 செ.மீ. முடியின் நுனி இரண்டரை வருடம் வெயிலும் சீப்பும் பார்த்தது. அதனால் ஒரு முடியை எடுத்து விரலிடுக்கில் வைத்து வேரிலிருந்து நுனி வரை இழுத்துப் பாருங்கள். வேர்ப்பக்கம் வழுவழுப்பாகவும் நுனிப்பக்கம் சொரசொரப்பாகவும் இருந்தால் அது வெளித்தேய்மானம். நுனியை வெட்டி, சூட்டையும் சாயத்தையும் குறைத்தால் தீரும். மாறாக நுனி பழைய முடியாகவும் வேரை ஒட்டிய சில அங்குலம் மட்டும் வேறு ஆளின் முடி மாதிரியும் இருந்தால், மாற்றம் வேர்ப்பையில் நடந்திருக்கிறது. அதற்குக் கண்டிஷனர் பதில் சொல்லாது.

வேர்ப்பக்க மாற்றத்தில் முதலில் நினைக்கவேண்டியது தைராய்டு. சுரப்பு குறைந்தால் முடி வறண்டு, தடித்து, தேங்காய் நார்போல ஆகும். புருவத்தின் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கு மெலியும். கூடவே மலச்சிக்கல், குளிர் தாங்காமை, எடை கூடுதல், மாதவிடாய் அதிகமாகப் போதல் இருக்கலாம். சுரப்பு அதிகமானால் நேர்மாறு: முடி பட்டுநூல்போல மெலிந்து, படிந்து, கொட்டும்.

மாதவிடாய் நிற்கும் வயதில் முடியின் தடிமன் குறைகிறது, தலையில் எண்ணெய்ப்பசையும் குறைகிறது. 20 வருடமாகப் போட்ட அதே கொண்டை நிற்காமல் சரிவது அதனால்தான். நரைமுடி முரட்டுத்தனமாக எழும்பி நிற்பதையும் பலர் கவனித்திருப்பார்கள்.

மருந்துகளும் உண்டு. வலிப்புக்குத் தரும் சோடியம் வால்புரோயேட் சிலருக்கு நேர்முடியைச் சுருட்டையாக்கும், சிலருக்கு உதிர்க்கும். பருவுக்கும் சோரியாசிஸுக்கும் தரும் ரெட்டினாய்டு மருந்துகள் முடியை வறளச் செய்து, சிலருக்குச் சுருட்டும். கீமோதெரபிக்குப் பின் முளைக்கும் முடி முன்பு இல்லாத சுருளோடு வருவது மிகச் சாதாரணம். வேர்ப்பை பழைய நிலைக்குத் திரும்பத் திரும்ப, பெரும்பாலானவர்களுக்குப் பழைய முடி மெல்ல வரும். வலிப்பு மருந்தை முடிக்காக நீங்களாக நிறுத்தவே கூடாது. மருந்தை எழுதியவரிடம் சொல்லுங்கள்.

ஒரு பெரிய உதிர்வுக்குப் பிறகு "முடி மெலிசாயிடுச்சு" என்று தோன்றுவதில் பாதி, புதிதாக முளைத்த குட்டை முடிகளின் வேலை. அவற்றின் முனை கூராக இருக்கும், பழைய முடியோடு படியாமல் சிலிர்த்து நிற்கும். அது கேடு இல்லை.

எந்த டெஸ்ட் எடுக்கணும்?

என் பிழைப்பே இதில்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: "ஹேர் ஃபால் பேக்கேஜ்" என்று 60 சோதனை சேர்த்து விற்பதை எடுக்காதீர்கள். அத்தனை எண்களில் ஏதாவது ஒன்றாவது எல்லைக்கு வெளியே வரத்தான் செய்யும். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் தூக்கம் போகும்.

மருத்துவர்கள் பொதுவாக முதலில் எழுதுவது ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை, ஃபெரிட்டின், டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு சுரப்பு குறைந்தால் இது ஏறும்). அறிகுறியைப் பொறுத்து வைட்டமின் டி, பி12. மாதவிடாய் ஒழுங்கில்லாமல் இருந்து, தாடையில் முடியும் பருவும் சேர்ந்தால் ஹார்மோன் சோதனைகள்.

இதில் ஃபெரிட்டின் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். ஹீமோகுளோபின் என்பது கையில் இருக்கும் காசு என்றால், ஃபெரிட்டின் வங்கியில் இருக்கும் சேமிப்பு. சேமிப்பு கரைந்த பிறகுதான் கைக்காசு குறையும். "ஹீமோகுளோபின் 12 இருக்கே" என்று திருப்தியோடு போகும் பெண்ணின் ஃபெரிட்டின் 8 ஆக இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். பெரியவர்களுக்கு 15க்குக் கீழே இரும்புச்சத்துக் குறை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. முடிக்காக வருபவர்களுக்கு அது குறைந்தது 30, 40ஐத் தாண்டியிருக்க வேண்டும் என்று பல தோல் மருத்துவர்கள் விரும்புகிறார்கள். இன்னொரு நுணுக்கம்: காய்ச்சல், அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறித் தெரியும். காய்ச்சல் விட்ட கையோடு எடுக்காதீர்கள்.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். பாதிக்கு மேல்! இந்த நாட்டில் ஒரு பெண் முடி கொட்டுகிறது என்று சொன்னால், ஷாம்பூவைப் பற்றிக் கேட்பதற்கு முன் மாதவிடாயில் எத்தனை நாப்கின் மாற்றுகிறார் என்று கேட்பதுதான் நியாயம்.

இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தால் காபி, டீயோடு விழுங்காதீர்கள். முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாறோடு போட்டால் நல்லது. தைராய்டு மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுபவர்கள் இரண்டுக்கும் இடையில் 4 மணி நேரம் விடவேண்டும். சேர்த்துப் போட்டால் தைராய்டு மாத்திரை உடம்பில் சேராது. காலையில் எழுந்ததும் எல்லா மாத்திரையையும் ஒரே வாயில் போட்டு வேலையை முடிக்கும் பழக்கம் நம் வீட்டுப் பெண்களுக்கு அதிகம்.

பயோட்டின் சாப்பிடலாமா? என் ஃப்ரெண்டு கம்மி மிட்டாய் மாதிரி ஒண்ணு சாப்பிடுறா.

பயோட்டின் என்பது பி வைட்டமின்களில் ஒன்று. உண்மையான பயோட்டின் குறைபாடு அபூர்வம். குறைபாடு இல்லாதவர்களுக்கு அதனால் முடி வளர்கிறது என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. அதோடு என் வேலைக்கு அது ஒரு தலைவலி: அதிக அளவு பயோட்டின் சாப்பிட்டுவிட்டு வந்தால், சில கருவிகளில் தைராய்டு சோதனை தப்பாக வரும். டிஎஸ்எச் குறைவாகவும் டி4 என்ற தைராய்டு ஹார்மோன் அதிகமாகவும் காட்டி, இல்லாத தைராய்டு மிகைச்சுரப்பு இருப்பதுபோல் ஆகிவிடும். சோதனைக்கு 2 நாள் முன்பாவது நிறுத்துங்கள், சாப்பிடுவதைச் சொல்லவும் சொல்லுங்கள்.

சத்து அதிகமானாலும் முடி கொட்டும் என்பது பலருக்குத் தெரியாது. வைட்டமின் ஏ அப்படி, செலினியம் அப்படி. 2024 டிசம்பர் முதல் 2025 ஜனவரி வரை மகாராஷ்டிரத்தின் புல்டானா மாவட்டத்தில், ஷேகாவ் வட்டாரக் கிராமங்களில் ஆணும் பெண்ணும் சில நாட்களிலேயே தலை வழுக்கையானார்கள். முதலில் தண்ணீரையும் பூஞ்சையையும் சந்தேகித்தார்கள். தேள்கடி சிகிச்சைக்காக அறியப்பட்ட மருத்துவர் ஹிம்மத்ராவ் பவஸ்கர் அங்கே போய் ஆராய்ந்து, பாதிக்கப்பட்டவர்களின் ரத்தத்திலும் முடியிலும் செலினியம் மிக அதிகம் என்றும், ரேஷன் கோதுமையில் வந்திருக்கலாம் என்றும் சொன்னார். "இயற்கைச் சத்துதானே, என்ன செய்யும்" என்று மாத்திரைகளை அடுக்குபவர்கள் அந்தக் கிராமங்களை நினைத்துக்கொள்ளலாம்.

கொட்டலை, ஆனா வகிடு மட்டும் அகலமாகிட்டே போகுது.

இது வேறு கதை. அதிரடி உதிர்வு இல்லாமல், நடு வகிடிலும் உச்சியிலும் முடி மெல்ல மெலிந்து, முன் நெற்றிக் கோடு மட்டும் அப்படியே இருப்பது பெண்களின் பரம்பரை வகை முடி இழப்பு. 1977இல் ஜெர்மானிய மருத்துவர் எரிக் லுட்விக் இதற்கு மூன்று படிநிலைகள் வகுத்தார். "திடீர்னு" என்று வருபவர்களில் பலருக்கு இது சில வருடமாக மெல்ல நடந்துகொண்டிருந்திருக்கும். மேலே ஒரு காய்ச்சல் உதிர்வு சேரும்போதுதான் கண்ணில் படும். அப்பா வழி மட்டுமல்ல, அம்மா வழியிலும் வரும்.

பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ளவர்களுக்கு இளம் வயதிலேயே இது தொடங்கலாம். தானாகத் திரும்பாத வகை என்பதால் சீக்கிரம் போவது லாபம். மினாக்சிடில் என்ற மருந்து இதற்கு நன்கு ஆராயப்பட்டது. ரத்த அழுத்தத்துக்காகக் கண்டுபிடிக்கப்பட்டு, சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததால் தலைக்கு மாறிய மருந்து அது. தடவ ஆரம்பித்த முதல் சில வாரங்களில் உதிர்வு கூடும், ஓய்வு முடிகளை அது தள்ளிவிடுவதால். அங்கேயே பயந்து நிறுத்திவிடுபவர்கள் ஏராளம். பலன் தெரிய 4 முதல் 6 மாதம் ஆகும், நிறுத்தினால் கிடைத்தது போய்விடும். கர்ப்பத்திலும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் வேண்டாம். கடையில் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக, மருத்துவர் பார்க்காமல் தொடங்க வேண்டாம்.

ஒரு ரூபா காசு அளவுக்கு வட்டமா வழுக்கை. புழுவெட்டுன்னு சொல்றாங்க. புழுவா கடிச்சது?

புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை, யாருக்கும் ஒட்டாது. நம் எதிர்ப்பு சக்தியே முடியின் வேர்ப்பையைத் தாக்குவது. வட்டம் வழவழப்பாக இருக்கும், ஓரத்து முடிகள் அடியில் மெலிந்து ஆச்சரியக்குறி மாதிரி நிற்கும். சிலருக்கு நகத்தில் குண்டூசி குத்தியது போலக் குழிகள் தெரியும். தைராய்டு கோளாறு கூட வரலாம்.

ஒன்றிரண்டு சிறு வட்டம் என்றால் பலருக்கு ஓராண்டுக்குள் தானாகவே வளரும். முதலில் வெள்ளையாக வரும், பிறகு கறுக்கும். மருத்துவர்கள் வட்டத்துக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். தலை முழுக்கப் பரவும் கடுமையான வகைக்கு 2022இல் அமெரிக்காவில் பாரிசிட்டினிப் என்ற மாத்திரைக்கு ஒப்புதல் கிடைத்தது. வட்டத்தின் மேல் எரிச்சல் தரும் மருந்துகளைத் தேய்த்து, தோல் வெந்து வருபவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கோபம் வரும்.

பிரெஞ்சு அரசி மேரி அந்துவானெத்துக்குத் தலை வெட்டப்படுவதற்கு முன் ஒரே இரவில் முடி நரைத்தது என்று ஒரு கதை உண்டு. அதற்கு மருத்துவர்கள் சொல்லும் விளக்கங்களில் ஒன்று இந்த நோய். இது பெரும்பாலும் கறுப்பு முடியைத்தான் முதலில் உதிர்க்கும். நரை கலந்த தலையில் கறுப்பெல்லாம் சில நாளில் கொட்டினால் மிஞ்சுவது வெள்ளை மட்டும்.

நெத்தி மேல ஏறிக்கிட்டே போகுது.

இறுக்கமான குதிரைவால், கனமான கொண்டை, சவுரி, தினமும் ஒரே இடத்தில் கிளிப் என்று இருந்தால் முதலில் அதைத் தளர்த்துங்கள். இழுப்பால் வரும் வழுக்கை ஆரம்பத்தில் திரும்பும், வருடக்கணக்கில் இழுத்தால் வேர்ப்பை வடுவாகிவிடும். தலைவலிக்கிற சடை தப்பான சடை.

மாதவிடாய் நின்றவர்களுக்கு நெற்றிக்கோடு பட்டையாகப் பின்வாங்கி, புருவமும் சேர்ந்து காணாமல் போனால் அது வேறு. 1994இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஸ்டீவன் கோசார்ட் முதலில் விவரித்த, வடு உண்டாக்கும் வகை. போன முடி திரும்பாது, போவதை நிறுத்தத்தான் முடியும். காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள்.

போர் தண்ணிதான் காரணம்னு எல்லாரும் சொல்றாங்களே?

உப்புத்தண்ணீர் முடிமேல் படிந்து முரடாக்கும், சிக்காக்கும், உடையவும் வைக்கலாம். வேரிலிருந்து கொட்டவைக்கும் என்பதற்கு ஆதாரம் பலமாக இல்லை. கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் நல்ல தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் வைக்கலாமா வேண்டாமா?

தேங்காய் எண்ணெய்க்கு நம் பாட்டிகள் கொடுத்த மரியாதையில் நியாயம் இருக்கிறது. அது முடித்தண்டுக்குள் இறங்கி, அலசும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது. அதனால் குளிப்பதற்கு ஒரு மணி முன் முடி நீளத்துக்குத் தடவுவது உடைவுக்கு நல்லது. உதிர்வுக்கு அது மருந்து இல்லை. தலையில் பொடுகு இருக்கும்போது மண்டையில் எண்ணெய் ஊறவைத்தால், பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்குச் சாப்பாடு போட்டதாகிவிடும். முதலில் பூஞ்சையை அடக்கும் கீட்டோகொனசோல் ஷாம்பூவை 5 நிமிடம் ஊறவிட்டு அலசிப் பொடுகைத் தீருங்கள். கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, வெந்தயம் எல்லாம் வாசனைக்கும் வழுவழுப்புக்கும் சரி. முருங்கைக்கீரையையும் முட்டையையும் தலையில் அரைத்துப் பூசுவதைவிடச் சாப்பிடுங்கள்.

மொட்டை போட்டா அடர்த்தியா வளருமாமே?

வளராது. வேர்ப்பைகளின் எண்ணிக்கை கத்திக்குத் தெரியாது. வெட்டிய முனை மழுங்கியிருப்பதால் தடிமனாகத் தோன்றும். வேண்டுதல் என்றால் போடுங்கள், வைத்தியம் என்று போடாதீர்கள்.

முடி முரடாயிடுச்சேன்னு ஸ்மூத்தனிங் பண்ணலாமா? பிஆர்பி போடலாமா?

கொட்டிக்கொண்டிருக்கும்போது ஸ்மூத்தனிங் வேண்டாம். சில கலவைகளில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு சூட்டில் ஆவியாகிக் கண்ணையும் மூச்சையும் உறுத்தும். "ஃபார்மால்டிஹைடு இல்லாதது" என்று விற்கும் சிலவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கும். அதைப் பயன்படுத்திய பிறகு சிறுநீரகம் பாதிக்கப்பட்ட பெண்களைப் பற்றி இஸ்ரேலிலிருந்து மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். தைராய்டால் முரடான முடிக்கு இதைச் செய்துகொண்டு, மூன்று மாதத்தில் வேரிலிருந்து மறுபடி நார் முளைத்து வந்தவர் ஒருவர் எனக்குத் தெரியும். டிஎஸ்எச் 40க்கு மேல் இருந்தது.

பிஆர்பி என்பது உங்கள் ரத்தத்தைச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியை மண்டைத்தோலில் ஊசியாகப் போடுவது. பரம்பரை வகைக்குச் சிலருக்குப் பலன் தெரிகிறது. ஒவ்வொரு இடத்திலும் தயாரிக்கும் முறை வேறு. காய்ச்சலுக்குப் பின் தானாக நிற்கப்போகும் உதிர்வுக்கு 6 ஊசிக்கு முன்பணம் வாங்குகிறார்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

எப்போ உடனே டாக்டரைப் பார்க்கணும்?

மண்டைத்தோலில் வலி, எரிச்சல், சீழ், செதில் இருந்தால். முடி போன இடம் பளபளவென்று, துளைகளே தெரியாமல் இருந்தால். வட்டவட்டமாகப் போனால். புருவமும் இமையும் சேர்ந்து போனால். முகத்தில் முடி, குரல் தடிப்பு வேகமாக வந்தால். மூட்டுவலி, வாய்ப்புண், வெயில் பட்டால் முகத்தில் சிவப்பு இவற்றோடு முடியும் கொட்டினால் லூபஸ் (எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்கும் ஒரு நோய்) இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லாவிட்டாலும் 6 மாதம் தாண்டிக் கொட்டினால் போங்கள். போகும்போது தலையில் எண்ணெய் வேண்டாம், இரண்டு நாள் முன்பே தலைக்குக் குளித்துவிடுங்கள். மருத்துவர் ஐம்பது அறுபது முடியைச் சேர்த்துப் பிடித்து மெல்ல இழுத்து, எத்தனை கையோடு வருகிறது என்று பார்ப்பார். அன்று காலையில் குளித்துவிட்டுப் போனால் வரவேண்டியதெல்லாம் குளியலறையிலேயே வந்திருக்கும்.

கொட்டினது திரும்ப எப்போ வரும்?

கொட்டுவது நின்ற பிறகும் சடை மெலிந்துதான் இருக்கும். இந்த இடைக்காலத்தில்தான் எல்லோரும் நம்பிக்கை இழக்கிறார்கள். மாதம் 1 செ.மீ. என்றால், புது முடி காது வரை வரவே ஒரு வருடம். தோளைத் தொட இரண்டு வருடம், அதற்கு மேலும் ஆகலாம். வித்தியாசம் தெரியாமல் இருக்க முடியைக் கொஞ்சம் குட்டையாக வெட்டிக்கொள்வது புத்திசாலித்தனம். நான் தோள்வரை வெட்டினேன், வீட்டில் இரண்டு நாள் யாரும் பேசவில்லை.

கண்ணாடியில் சடையைப் பார்க்காதீர்கள், நெற்றியோரத்தைப் பாருங்கள். டெங்குவுக்கு அடுத்த வருடம் சித்திரையில், பூ வைத்துவிட வந்த என் நாத்தனார் சீப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "என்ன அண்ணி, நெத்தியோரமெல்லாம் கோரைப்புல் மாதிரி நட்டுக்கிட்டு நிக்குது, எவ்வளவு தண்ணி தொட்டு வாரினாலும் படியவே மாட்டேங்குது?"